கெங்காதரனுடைய கமரா

பத்தரைக்கு வரச் சொல்லிக் கடிதம். ஒன்பதே முக்காலுக்கே வந்து இந்த நீலக் கதிரையில் இருக்கிறேன், பஸ் பிந்திவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், பிந்தி வந்தால் ஒளிக்கிறான் என்று நினைப்பார்கள் என்ற பயத்தில், இப்போது பார்த்தால் நேரத்தோடு வந்ததுதான் பிழையோ, குற்றம் செய்தவன்தான் இப்படிப் பதறியடித்துக்கொண்டு வருவானோ. நாலு கதிரைகளையும் ஒரே இரும்புச் சட்டத்தில் பொருத்தி, சட்டத்தை நிலத்தோடு முறுக்கி வைத்திருக்கிறார்கள். பொலிஸ் நிலையத்திலிருந்து யார் கதிரையைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள். ஆனால் தூக்குகிற ஆட்களைத்தானே இங்கே கூப்பிட்டு இருத்துகிறார்கள், பரராசசிங்கம், அறுபத்தொரு வயது, பேக்கரியில் இருபத்திரண்டு வருடம் வேலை, ஒரு நாளும் ஒரு பணிசைக்கூடக் காசு வைக்காமல் தின்றதில்லை, அதை இங்கே யாரிடம் போய்ச் சொல்ல. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற மனுசி மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டாள். கடிதத்திலும் கேட்டிருந்தார்கள், போனிலும் கேட்டார்கள். வேண்டாம் என்று மூன்றாம் தரமும் சொன்னேன். தமிழ் மொழிபெயர்ப்பாளர் என்றால் எங்கடை ஆள் ஒருவர் வருவார், நீங்கள் எந்த இடம் என்று கேட்பார், யாருடைய சொந்தம் என்று கேட்பார், பிறகு வெள்ளிக்கிழமை கோயில் அன்னதான வரிசையில் என்னைக் கண்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்புவார், திருப்பின கையோடு பக்கத்தில் நிற்கிறவரின் காதுக்குள் குனிவார். என்னுடைய இங்கிலீஸ் பேக்கரி இங்கிலீஸ். தட்டு, அடுப்பு, சூடு, கெதியாய், நாளைக்கு வா, இவ்வளவுக்கும் அது போதும். களவுக்குப் போதுமோ தெரியாது.

களவு. எங்களுடைய கதையில் எடுக்கிறது வேறு, களவெடுக்கிறது வேறு. மேசையில் இருந்த போத்தலை எடுத்தேன் என்றால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், முன்னால் அந்தச் சின்னச் சொல் வந்து ஒட்டிக்கொண்டால் மண்டபமே திரும்பும். போனில் பொலிஸ்காரர் கமராவை எடுத்தீர்களா என்று கேட்டார், ஓம் எடுத்தனான் என்றேன், அவர் எழுதுகிற சத்தம் கேட்டது, எந்தச் சொல்லை எழுதினார் என்று எனக்கு எப்படித் தெரியும். என் கைகளைப் பார்க்கிறேன். முழங்கைக்குக் கீழே பாண் தட்டுச் சுட்ட கோடுகள், பழையது வெள்ளை, புதியது என்று ஒன்றும் இல்லை, வேலையை விட்டு மூன்று வருடமாகிவிட்டது. வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் உயரம். சேட்டுத் தைக்கிற ஆள்தான் அதைக் கண்டுபிடித்துச் சொன்னான். அது பேக்கரியில் வந்த உயரம் இல்லை, லைட் பிடித்து வந்த உயரம். பதினேழு வருடம், ஒவ்வொரு சனியும் ஞாயிறும், கெங்காதரனுக்குப் பின்னால், கொஞ்சம் வலப்பக்கமாக, கையை உயர்த்திக்கொண்டு.

அவனைப் பேக்கரியில்தான் சந்தித்தேன். இரவல் கமராவோடு கலியாண வீடுகளுக்குப் போய் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் மாவுப் பையில் இருந்தபடி, "மச்சான், லைட் பிடிக்கிறதுக்கு ஒருத்தன் வேணும், உன்ரை உயரம் நல்லாயிருக்கும்," என்றான். உயரத்துக்காக என்னை யாரும் அதுவரை தேடி வந்ததில்லை. அந்தக் காலத்து லைட் அடுப்பு மாதிரிச் சுடும். கலியாணப் பொம்பிளையின் மூக்கு நிழல் வாயில் விழாமல் பிடிக்க வேண்டும், ஐயரின் புகை வந்தால் லைட்டைக் கீழே பதிக்க வேண்டும், கெங்கா திரும்பிப் பார்த்து ஒன்றும் சொல்ல மாட்டான், முழங்கையை ஒரு அங்குலம் அசைப்பான், நான் இரண்டடி நகர்வேன். தாலி கட்டுகிற நேரம் முழு மண்டபமும் எழும்பி நிற்கும், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது, எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரியும். மேளம் காதை அடைக்கிற அந்த நிமிசத்தில் அவனுடைய மூச்சு எனக்குக் கேட்கும். எத்தனை கலியாணம், அறுநூறு இருக்கும், எழுநூறு இருக்கும். எனக்குக் கலியாணம் நடக்கவில்லை. விசா கிடைக்கப் பதினொரு வருடம், கிடைத்தபோது கேட்பதற்கு ஆள் இல்லை, பிறகு கேட்கிற வயதும் இல்லை. ஞாயிறு பின்னேரம் அவன் வீட்டில் சாப்பாடு. சுகிர்தம், அவன் மனுசி, என்னுடைய சாப்பாட்டுக் கோப்பையில் கத்தரிக்காய் வைக்க மாட்டாள், எனக்கு உடம்பு கடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அப்படித் தெரிந்த ஆள் இந்த நாட்டில் எனக்கு வேறு யார்.

பழைய கமரா ஒரு கலியாணத்தின் நடுவிலே செத்துப்போனது. புதுசுக்கு நாலாயிரம் பவுண். அவனிடம் இல்லை, என்னிடம் இருந்தது, வங்கியில் சும்மா கிடந்தது, எதற்கென்று வைத்திருந்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. இரண்டு பேரும் ரயிலில் போய் வாங்கினோம். ரசீது அவன் பெயரில். திரும்பி வரும்போது பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எங்கடை கமரா மச்சான்," என்றான். எங்கடை. இப்போது அந்தச் சொல்லில் வந்து மனம் சிக்கிக்கொள்கிறது, கழற்றினால் மறுபடியும் போய்ச் சிக்குகிறது. எங்கடை என்றால் அவனுடையதும் என்னுடையதும் என்றா சொன்னான், இல்லை, எங்கடை வீட்டுக்கு ஒருக்கா வாங்கோ என்று யாரையும் கூப்பிடுகிற மாதிரிச் சொன்னானா, அப்படிக் கூப்பிட்டால் வீட்டில் பாதியை எழுதிக் கொடுத்ததாகுமா. அவனிடம் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். ரயிலில் அப்படி யார் கேட்பார்கள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

நான் ஒரு நாளும் காசைக் கேட்டதில்லை. அவன்தான் மாதம் முடிய, "மச்சான், அடுத்த மாதம் பாப்பம்," என்பான், நான் சரி சரி என்பேன். பிறகு அதையும் சொல்லாமல் விட்டான். அவன் மகன் நிரோஜன் வளர்ந்து தொழிலுக்கு வந்தான், தானே நிற்கிற லைட்டுகள் வாங்கினான், மூன்று காலில் நிற்கும், கை நோகாது, அசையாது. ஒரு சனிக்கிழமை கெங்காவிடமிருந்து போன் வரவில்லை. கறுத்தச் சேட்டை ஸ்திரிக்கை போட்டுக் கதவில் கொழுவி வைத்திருந்தேன். அடுத்த சனியும் வரவில்லை. அதை நான் தாங்கியிருப்பேன், லைட் தேவையில்லை என்றால் தேவையில்லைதானே, ஆனால் ஞாயிறு பின்னேரமும் போனது. தமிழ்க் கடையில் ஒரு நாள் வெண்டிக்காய்ப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றான். என்னைக் கண்டான். கூடையை நிலத்தில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். கூடைக்குள் ஒரு பால், கறிவேப்பிலை, முறுக்குப் பை. நான் ஒவ்வொன்றாக எடுத்து, இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். நாலாயிரம் பவுண் என்னிடமிருந்து போனபோது எனக்கு ஒன்றும் குறையவில்லை. அவன் என்னைக் காணும்போதெல்லாம் அது அவனுக்கு முன்னால் வந்து நின்றது, என்னை மறைத்துக்கொண்டு. வீட்டுக்குப் போய்ப் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. "கெங்கா, எனக்குக் காசு வேண்டாம், சும்மா ஒருக்கா எடன்," என்று பேசிப் பதிந்தேன். அதை அவன் நக்கல் என்று எடுத்திருப்பானோ. இரண்டு வருடமாக அந்த வசனத்தை வேறு வேறு குரலில் சொல்லிப் பார்க்கிறேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். காசு என்ற சொல்லே இல்லாமல் சொல்லியிருக்கலாம்.

"மிஸ்டர் பரா... பரராஜா?" பெயரை முடிக்க முடியாமல் ஒரு பெண் நிற்கிறாள். சட்டத்தரணி. தாரணி என்று பெயர், எங்களுடைய பிள்ளைதான், இங்கே பிறந்த பிள்ளை, தமிழைச் சூடான தட்டைப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்கிறாள். "அங்கிள், நான் உங்கடை சைட். நீங்க சொல்றதை நான் ஒருத்தருக்கும் சொல்ல ஏலாது, லோ... சட்டம் அப்பிடி. ஓக்கே?" ஒரு சின்ன அறை, மேசை, இரண்டு கதிரை, யன்னல் இல்லை. களவுச் சட்டம் அறுபத்தெட்டாம் ஆண்டில் எழுதினது என்கிறாள். எனக்கு அப்போது ஐந்து வயது, கால்சட்டைக்குப் பட்டி இல்லாமல் ஓடித் திரிந்த வயது, இங்கே யாரோ ஒருவர் மேசையில் இருந்து எனக்காக அதை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். விரலை மடித்துச் சொல்கிறாள். மற்ற ஆளுடைய பொருளாக இருக்க வேண்டும். அதை எடுத்திருக்க வேண்டும். நேர்மை இல்லாமல் எடுத்திருக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கிறதில்லை என்ற எண்ணத்தோடு எடுத்திருக்க வேண்டும். "எல்லாம் இருந்தாத்தான் தெஃப்ட். ஒண்டு இல்லையெண்டாலும் இல்லை." அவர் எனக்குக் காசு தரவேணும் பிள்ளை, என்றேன். "தெரியும் அங்கிள். ஆனா காசு வேறை, கமரா வேறை. அவர் உங்களுக்குக் கடன். அதாலை கமரா உங்கடை ஆகாது. ரசீது அவற்றை பேரிலை." பிறகு குரலைக் குறைத்து, இனிப்பு ஒன்றை ஒளித்து வைத்திருந்து காட்டுகிறவள் மாதிரி, "ஆனா ஒரு விசயம் இருக்கு. அதை எடுக்க லோவிலை உங்களுக்கு ரைட் இருக்கு எண்டு நீங்க உண்மையா நம்பினா, அது நேர்மையில்லாதது இல்லை. அந்த நம்பிக்கை பிழையா இருந்தாலும் பரவாயில்லை. உண்மையா இருந்தாப் போதும்."

பிழையாக இருந்தாலும் பரவாயில்லை, உண்மையாக இருந்தால் போதும். இவ்வளவு பெரிய நாட்டின் சட்டத்தில் எனக்காக இப்படி ஒரு வசனம் இருக்கிறது என்று யார் நினைத்தார்கள். அவள் ஒரு தாளை நகர்த்தினாள். நேற்று நான் அவளுக்குப் போனில் சொன்னதை வைத்து இரவே எழுதிவிட்டாளாம். நான் அவருக்கு நாலாயிரம் பவுண் கடன் கொடுத்தேன், அந்தக் காசில்தான் கமரா வாங்கப்பட்டது, கடன் திரும்பி வரவில்லை, ஆகவே கமராவை எடுப்பதற்குச் சட்டப்படி எனக்கு உரிமை உண்டு என்று நம்பினேன். "இதை வாசிச்சிட்டு, பிறகு அவர் என்ன கேட்டாலும் நோ கொமென்ட் சொல்லுங்கோ. முடிஞ்சுது." வரிக்கு வரி சரி. கடைசி வரியில் மட்டும் கண் நிற்கிறது. நம்பினேனா. கமராவை எடுத்த அந்தப் புதன்கிழமை காலை, அவன் வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது, சட்டம் என்று ஒன்றை நான் நினைத்தேனா. யன்னலில் ஈரம், அதில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை மீன் கீறி விட்டிருந்தது, அதைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். உரிமை என்று ஒரு சொல் மனதில் வந்ததாக ஞாபகம் இல்லை. வராவிட்டாலும் அடியில் இருந்திருக்கலாம்தானே, மனதில் இருக்கிற எல்லாமா சொல்லாக வருகிறது. அப்படித் தேடிப் பார்க்கிறேன், சட்டைப் பைக்குள் வீட்டுத் திறப்பைத் தேடுகிற மாதிரி, கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

"இன்னும் ரெண்டு பிரச்சினை," என்று தாரணி இன்னொரு தாளை எடுத்தாள். கெங்காவின் வாக்குமூலம். இதுவரைக்கும் எனக்கு இருந்தது பயம் மட்டும்தான். அந்தத் தாளில் என்னைப் பற்றி ஒரு வரி, எப்போதாவது உதவிக்கு வந்துபோன முன்னாள் வேலையாள். பதினேழு வருடம். அவள் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள், நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன், நிரோஜன் எழுதியிருப்பான், கெங்காவுக்கு இவ்வளவு நல்ல இங்கிலீஸ் வராது, அவன் கையெழுத்து மட்டும்தான் வைத்திருப்பான், வாசிக்காமலே வைத்திருப்பான், ஆனால் கீழே இருப்பது அவனுடைய கையெழுத்துத்தான், அந்த முதல் 'கெ' அப்படித்தான் வளையும். "அங்கிள், கேக்கிறீங்களா? நீங்க வச்சிட்டு வந்த துண்டு. அதை ட்ரான்ஸ்லேட் பண்ணியிருக்கினம். உங்களாலை முடிஞ்சா வந்து எடுத்துப் பார், எண்டு. இது மிரட்டல் மாதிரி இருக்கு. காசு தந்தாத்தான் தருவன் எண்டு நீங்க வச்சிருந்தா, அது திருப்பிக் குடுக்காத மாதிரித்தான் லோ பாக்கும்." நான் அப்படி எழுதவில்லை. துண்டின் ஒளிப்படத்தைக் காட்டினாள், என் கையெழுத்து, நீல மை, கடை ரசீதின் பின்பக்கம். கெங்கா, கமரா என்னட்டை இருக்கு. வந்து எடு. பரா. அவள் அதைத் தமிழில் எழுத்துக் கூட்டி வாசித்தாள். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "காசைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையே அங்கிள்." இல்லை, என்றேன். "ஏன்?" என்றாள்.

அடுத்த பிரச்சினை சுகிர்தம். அதை நானே சொல்லத் தொடங்கினேன், சொன்னேனா, பாதியைச் சொன்னேன், மற்றப் பாதி உள்ளே ஓடியது. அந்தப் புதன் பதினொரு மணிக்குக் கெங்கா வீட்டு மணியை அடித்தேன். சுகிர்தம் கதவைத் திறந்தாள், மெலிந்துபோயிருந்தாள், "பரா அண்ணை!" என்றாள், இரண்டு வருடத்தில் யாரும் என்னைக் கண்டு அப்படிச் சத்தம் போட்டதில்லை. "உள்ளை வாங்கோ, இவரும் நிரோஜன் தம்பியும் வேலையாப் போட்டினம், ஏன் அண்ணை இந்தப் பக்கம் வாறேல்லை, கோவமோ?" அவளுக்குக் காசுக் கதை தெரியாது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவன் அவளுக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. "வேலை கூட," என்றேன், வேலை இல்லாதவன். அவள் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள். முன்னறையில் அலுமாரிக்குப் பக்கத்தில் கமராப் பை. நான் அதற்காகப் போகவில்லை, இல்லை, அதற்காகத்தான் போனேனா, துண்டை வீட்டிலேயே எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதானே போனேன். கெங்கா இருந்தால் கதைக்கிறது, இல்லாவிட்டால் துண்டு, அப்படித்தான் நினைத்தேன் என்று நினைக்கிறேன். பையைத் திறந்தேன். உள்ளே பழைய மணம், லென்சு துடைக்கிற துணி, நான் தைத்துக் கொடுத்த துணி, இன்னும் அதுதான். துண்டை அலுமாரித் தட்டில் வைத்து, கமராவுக்குள் இருந்த கார்ட் இரண்டையும் கழற்றி அதன் மேல் வைத்தேன். யாரோ ஒரு பிள்ளையின் சாமத்திய வீட்டுச் சடங்கு அதற்குள் இருக்கும், அதை நான் கொண்டுபோய் என்ன செய்ய. தேத்தண்ணி வந்தது. குடித்தேன். இஞ்சி போட்டிருந்தாள். எழும்பிப் பையைத் தோளில் மாட்டினேன், வலது தோளில், அது போய் அதன் இடத்தில் இருந்தது. வாசலில் அவள் பையைக் கண்டாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "இவர் எடுத்துக்கொண்டு வரச் சொன்னவரோ?" என்றாள்.

ஓம், என்றேன்.

அந்த ஒரு சொல். இங்கே சிக்கிக்கொண்டால் பிறகு ஓட்டமே இல்லை. தாரணி பேனாவை வைத்துவிட்டாள். "அங்கிள், உங்களுக்கு உரிமை இருக்கெண்டு நம்பினா ஏன் பொய் சொன்னீங்க எண்டுதான் கேப்பினம். தாளை வாசிச்சிட்டு நோ கொமென்ட். ப்ளீஸ்." பொய்தான். ஆனால் நான் கமராவைக் கொண்டுபோவதற்காகச் சொன்ன பொய் இல்லை, அதை எப்படி இந்தப் பிள்ளைக்குச் சொல்வது. எத்தனை சனிக்கிழமை கெங்கா மண்டபத்திலிருந்து போன் பண்ணுவான், மச்சான், பையை விட்டிட்டு வந்திட்டன், போய் எடுத்துக்கொண்டு ஓடி வா. நான் ஓடிப்போய் மணி அடிப்பேன், சுகிர்தம் அதே வாசலில், அதே குரலில், இவர் எடுத்துக்கொண்டு வரச் சொன்னவரோ. அன்றைக்கு அவள் அதைக் கேட்டவுடன் வாய் தானாகச் சொன்னது. பஸ் தரிப்புவரைக்கும் நான் அவன் அனுப்பின ஆளாகத்தான் நடந்தேன். கெதியாக நடந்தேன், எங்கேயோ மண்டபத்தில் அவன் காத்துக்கொண்டு நிற்கிற மாதிரி, பொம்பிளை மணவறைக்கு வரப்போகிற மாதிரி. பஸ் வந்து ஏறி இருந்த பிறகுதான் எங்கே போகிறேன் என்று யோசித்தேன். போவதற்கு என் அறையைத் தவிர வேறு இடம் இருக்கவில்லை.

விசாரணை அறை இன்னும் சின்னது. பொலிஸ்காரர் நாற்பது வயது மட்டில், தடிமன் பிடித்தவர், மூக்கைத் துடைத்துத் துடைத்து மன்னிப்புக் கேட்கிறார். பதிவு இயந்திரத்தைப் போட்டார், தன் பெயரைச் சொன்னார், திகதி, நேரம். நீங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்று தொடங்கி நீளமாக ஒன்று சொன்னார், விளங்கியதா என்றார், விளங்கியது என்றேன், பாதி. தாரணி தாளை என் முன்னால் வைத்தாள். எடுத்தேன். கண்ணாடியைப் போட்டேன். முதல் வரி, நான் பரராசசிங்கம். இரண்டாம் வரி, நாலாயிரம் பவுண். சத்தமாக வாசிக்கும்போது அது வேறு ஒரு மனிசனுடைய கதை மாதிரி இருந்தது, கணக்கு வழக்குள்ள ஒரு ஆள், கடன் கொடுத்துவிட்டு நாள் எண்ணிக்கொண்டு இருந்த ஆள். கடைசி வரிக்கு வந்தேன். நம்பினேன் என்று இருக்கிற இடத்தில் நிறுத்தினேன். தண்ணி தந்தார். குடித்தேன். மறுபடியும் அந்த வரி. பிழையாக இருந்தாலும் பரவாயில்லை, உண்மையாக இருந்தால் போதும். இது சரியாக இருக்கலாம், உண்மையாக இல்லை. தாளை மடித்து மேசையில் வைத்தேன். "அங்கிள்," என்று தாரணி மெல்லச் சொன்னது கேட்டது.

"சட்டம் நான் நினைக்கவில்லை," என்றேன், என்னிடம் இருக்கிற இங்கிலீசில். "காசும் நினைக்கவில்லை. அவர் என் வீட்டுக்கு வரவேண்டும். கமரா வேண்டும் என்றால் வருவார். கோபமாக வருவார். ஏசுவார். பரவாயில்லை."

பொலிஸ்காரர் மூக்கைத் துடைக்கக் கொண்டுபோன கையை நிறுத்தினார். "வந்தால் என்ன செய்வதாக இருந்தீர்கள்?"

"கமராவைக் கொடுப்பேன்."

"காசு தராவிட்டாலுமா?"

"காசு தராவிட்டாலும். தேத்தண்ணி போட்டுக் கொடுப்பேன்."

தாரணியின் பேனா திடீரென்று வேகமாக ஓடத் தொடங்கியது. ஏதோ ஒரு இடத்தில் ஏதோ ஒரு கதவு திறந்துவிட்டது என்று விளங்கியது, அவள் விரல் மடித்துச் சொன்ன நாலில் ஒன்று, திருப்பிக் கொடுக்கிறதைப் பற்றினது, ஆனால் நான் அதற்காகச் சொல்லவில்லை. துண்டைப் பற்றிக் கேட்டார். வந்து எடு என்றால் எங்கள் பாசையில் வந்து எடு என்றுதான் அர்த்தம் என்றேன். வீட்டு மனுசிக்கு ஏன் ஆம் என்று சொன்னீர்கள் என்று கேட்டார். முந்தி மாதிரிக் கேட்டாள், அதனால் சொன்னேன் என்றேன். அதற்குமேல் என்னிடம் இங்கிலீஸ் இல்லை. அவர் மூக்கைத் துடைத்த கடுதாசியைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"அவர் வந்தாரா?" என்றார்.

வியாழன் நான் வெளியே போகவில்லை. வெள்ளி கோயிலுக்கும் போகவில்லை. இரண்டு கோப்பையைக் கழுவித் துடைத்து வைத்திருந்தேன், என்னிடம் இருக்கிறதே இரண்டு. கமராவைக் கட்டிலில் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன், மேசை ஆடும். என்ன சொல்லி ஏசுவான் என்று யோசித்து, அதற்கு என்ன சொல்வது என்றும் யோசித்து வைத்தேன், ஒன்றும் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன், ஏசி முடியட்டும். சனி. ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு மணி அடித்தது. ஞாயிறு பின்னேரம் என்றால் அவன்தான், வேறு யார் அந்த நேரம். படியில் செருப்பில்லாமல் ஓடி இறங்கினேன், இரண்டு படியைத் தாண்டி, கீழ் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள், கதவைத் திறக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதையெல்லாம் சொல்ல நினைத்தேன். வாயைத் திறந்தால் கொஞ்சந்தான் வந்தது.

"இல்லை," என்றேன். "நீங்கள்தான் வந்தீர்கள்."

அவர் அதை எழுதவில்லை. இயந்திரம் பதிந்துகொண்டிருந்தது. பிறகு நேரத்தைச் சொல்லி அதை நிற்பாட்டிவிட்டு வெளியே போனார். தாரணி என் பக்கம் திரும்பி, "அங்கிள், இது முடிஞ்சுது எண்டு நினைக்கிறன்," என்றாள், கண்ணைப் பார்க்காமல். "காசுக்கு நாங்க வேறை கோர்ட்டிலை போடலாம். சின்ன ஃபோர்ம்தான்." வேண்டாம் பிள்ளை என்றேன். அவள் அப்பா அம்மா எங்கே இருக்கினம் என்று கேட்டேன். பக்கத்துத் தெருவில் என்றாள். ஒவ்வொரு நாளும் போய்ப் பார்க்கிறனீயோ என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. இருபது நிமிசம் போனது. பொலிஸ்காரர் மேலே யாரோடோ கதைத்துவிட்டு வந்தார். இதற்கு மேல் நடவடிக்கை ஒன்றும் எடுக்கப்போவதில்லை, நீங்கள் போகலாம், கடிதம் வரும் என்றார். கமராவைக் கெங்காதரனிடம் கொடுத்துவிடுகிறோம், மத்தியானம் மூன்று மணிக்கு வந்து கையெழுத்து வைத்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன், அந்த நேரம் நீங்கள் இந்தப் பக்கம் நிற்காமல் இருப்பது நல்லது. நிற்கமாட்டேன் என்றேன். கோட்டை எடுத்தேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், போகவிடாமலும் மறிக்காமலும். பிறகு, பொலிஸ்காரர் மாதிரி இல்லாமல், தடிமன் பிடித்த ஒரு சாதாரண ஆள் மாதிரி, "ஏன் வழக்கில்லை என்று அவர் என்னிடம் கேட்பார். நீங்கள் இன்றைக்குச் சொன்னதை அவருக்குச் சொல்லட்டுமா?" என்றார்.

மூன்று மணி. கெங்கா வருவான், தனியாக வரமாட்டான், நிரோஜனும் வருவான், இங்கிலீஸ் அவனுக்குத்தான் வரும். இவர் சொல்வார், நிரோஜன் அதைத் தமிழாக்கித் தகப்பனுக்குச் சொல்வான், அந்த ஆளுக்கு நீங்க வரவேணுமாம், அதுக்குத்தானாம் எடுத்தவர், தேத்தண்ணி போட்டு வச்சவராம். பொடியன் சிரிப்பான். சிரிக்காமலும் விடலாம். கெங்கா கமராப் பையின் சிப்பை இழுத்து மூடுவான். பிறகு ஒரு நாள், அடுத்த கிழமையோ அடுத்த மாதமோ, மனம் கேட்காமல் வந்து என் வாசலில் நிற்பான், பாவம் என்று வந்து நிற்பான், கையில் ஒரு பழப்பை இருக்கும், நோயாளியைப் பார்க்க வருகிற மாதிரி. நான் கதவைத் திறப்பேன், அவன் என் முகத்தைப் பார்ப்பான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், அறுநூறு கலியாண வீட்டில் தனியாக வந்து தனியாகச் சாப்பிட்டுப் போகிற கிழவர்களை அவன் கமராவுக்குள்ளால் அப்படித்தான் பார்ப்பான், பார்த்துவிட்டு முழங்கையை அசைப்பான், நான் லைட்டை எடுத்துவிடுவேன். கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனைக் கண்டு ஓடுவது எவ்வளவோ நல்லது. ஓடுகிறவனுக்கு நான் இன்னும் ஒரு ஆள்.

"பரா காசுக்காக எடுத்தவர் எண்டு சொல்லுங்கோ," என்றேன். தமிழில் சொல்லிவிட்டேன் என்று பிறகுதான் தெரிந்தது. பொலிஸ்காரர் தாரணியைப் பார்த்தார். அவள் அதை இங்கிலீசில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்தாள்.